மாவு இறுகும்வரை

மார்ச் 4
மேல்வரிசைப் பல் செட்டுக்கு இன்று அளவெடுத்தார்கள். டாக்டரம்மா ஏதோ பொடியைத் தண்ணீரில் குழைத்து, ரோஸ் மாவாக்கி, தட்டோடு என் வாய்க்குள் அப்பினார். "இறுகற வரைக்கும் பேசக் கூடாது தாத்தா. அசைஞ்சா அளவு கெட்டுரும்." தலையாட்டினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரி கதை பேசினாள்: "என் தங்கச்சி நல்லாப் பாடுவா டாக்டர். முழங்கால் வலி, இப்பல்லாம் எங்க வீட்டுக்கு வர்றதே இல்ல." சும்மா இருக்க முடியுமா? மாவோடு சொன்னேன், "அவ பாட்டுக்கு முழங்கால் வலியே தேவலாம்." டாக்டரம்மா சிரித்துவிட்டார். வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

மார்ச் 13
செட் வந்தது. வாயை மூடினால் நிற்கிறது, பேசினால் விழுகிறது. வீட்டுக்காரி சொல்லிச் செய்த சாமானோ?

மார்ச் 14
பைப் வேலை பார்த்தவனுக்குப் பிளாஸ்டிக் தெரியாதா? குழாய் சேராவிட்டால் சூடு காட்டி இளக்குவோம். செட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து வாயில் வைத்து அழுத்தினேன்.

நாக்கு பொத்துப்போச்சு. செட்டு வெயில்ல காஞ்ச செருப்பு மாதிரி வளைஞ்சு கிடக்கு.

மார்ச் 20
மறுபடி மாவு. வீட்டுக்காரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.
"இறுகிடுச்சா டாக்டர்?"
"இன்னும் இல்லம்மா."
"நல்லது" என்று என் பக்கம் திரும்பினாள். "என் தங்கச்சிக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு. போன தடவை அவ பாடறப்போ காதுல பஞ்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவ அழுதுக்கிட்டே பஸ் ஏறினா. உண்மையைச் சொன்னா அதையும் கிண்டல் பண்ணுவீங்க, அதான் முழங்கால்னு சொன்னேன்."

பதில் நாக்கு நுனிவரை வந்தது. நாக்குக்குத்தான் இடமில்லை. எச்சில் வழிந்தது. அவளே துடைத்துவிட்டாள்.

அச்சு இந்தத் தடவை கச்சிதமாம்.

மார்ச் 29
புது செட் அசையவில்லை. முதல் காரியமாக மச்சினிக்குப் போன் போட்டேன். "வந்து பாடும்மா, ஒழுங்கா கேக்கறேன்."
"ஏன் அத்தான், கடிக்கப் பல்லு இன்னும் வரலையா?"
இந்தக் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் வாய் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 2
வந்தாள். பாடினாள். சுருதி போன இடம் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செட் தாங்கியது, நல்ல பிளாஸ்டிக்.

சாயங்காலம் கீழ்வரிசைக்கு அளவெடுக்கப் போகணும். அக்காவும் தங்கச்சியும் இப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள்.