அம்மா போட்ட கையெழுத்து

என் கண்ணுக்கு,

பதினேழு நாளாக நீ வகுப்புக்குப் போகவில்லை என்று அப்பாவின் போனுக்குச் செய்தி வருகிறது. அவர் பார்ப்பதற்குள் அழித்துவிட்டு, கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று உன் கல்லூரிக்கு வந்தேன். விடுதியில் உன் கதவு வரை வந்து, தட்டாமலே திரும்பிவிட்டேன். மாணவர் ஆலோசனை அறையிலிருந்த அம்மாள் உட்காரச் சொன்னார்.

"உங்க பொண்ணு ஒரே ஒரு தடவை வந்தா. பேசாம அழுதுட்டுப் போயிட்டா. ஒரு பருவம் விடுப்பு எடுத்தா இடம் போகாதும்மா. திங்கக்கிழமைக்குள்ள விடுப்புத் தாள்ல வீட்டுல ஒருத்தர் கையெழுத்து வேணும்."

"அவங்கப்பா போட மாட்டாரு. படிச்சது போதும்னு இழுத்துட்டு வந்துடுவாரு."

"நீங்க போடுங்களேன்."

"என்னோடது செல்லுமா?"

"பெத்தவங்கதானே நீங்களும்!" என்று சிரித்தார்.

உன்னைச் சேர்த்த நாளில் எல்லாத் தாளையும் அப்பாவிடமே நீட்டினேன். நான் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். உன் பழைய பாடப்புத்தகங்களை வைத்து எழுதப் படிக்கக் கற்றவள்தானே! நேற்று போட்டுவிட்டேன்.

அந்த அம்மாளைப் போய்ப் பார். பேச வராவிட்டால் சும்மா உட்கார்ந்திரு, போதும்.

இது உன் கைக்கு வருவதற்குள் அப்பாவிடம் எல்லாம் சொல்லியிருப்பேன். அவர் கூப்பிட்டால் எடுக்காதே. முதலில் என்னைத் தாண்டட்டும்.

உன்னைப் பெற்றவள்