மரத்துக்கு எடுத்துப் போன தண்ணீர்

இன்று காலை என் வீட்டு மொட்டை மாடியில், உன் காகிதப்பூ மரத்தின் நுனியில் நிறம் தெரிந்தது. கொடியில் காயும் துணியிலிருந்து பிரிந்து வந்த நூல் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போனேன். பூ. மூன்று. நீ போன பிறகு முதல் முறை.

முழங்கை உயரம்கூட இல்லாத மரம். தட்டையான தொட்டி. மேலப்பாளையத்தில் உன் மோட்டார் காயில் கட்டும் கடையில் மிச்சமாகும் கம்பியைக் கிளைகளில் சுற்றி, நாலு வருடமாக அதை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தாய். ஆற்றோரத்து மருத மரம் போல வரவேண்டும் உனக்கு. பட்டையில் தடம் விழுமுன் கம்பியை எடுத்துவிட வேண்டும். சுற்றியதைப் பிரித்தால் கிளை முறியலாம். துண்டு துண்டாக நறுக்குவாய். அப்போது நான் வாய் திறந்தால், "சும்மா கெடலே, ஆபரேஷன் நடக்குது."

பிறகு உனக்கே ஆஸ்பத்திரி. இரண்டு சிறுநீரகமும் பழுது. நமக்கு முப்பத்தொரு வயது.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். குடிக்கும் தண்ணீருக்கு அளவு. ரசம், மோர், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதில் அடக்கம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன் என்பதால் நான் லேப்டாப்போடு உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். உன் உம்மா சமைக்க, நான் காவல். குடித்த தண்ணீர் உடம்பில் தேங்கி, ஆஸ்பத்திரியில் ஏற்றி நிறுத்தும் எடை மெஷின் கூடுதலாகக் காட்டினால் நர்ஸ் என்னைத்தான் முறைப்பார். நீ சொல்வாய்: "பாக்கெட்டுல ஸ்க்ரூ டிரைவர் கெடக்கு சிஸ்டர்."

சித்திரை மாதத்தில் ஒரு மதியம். அதை மட்டும் ஒரு வருடமாக என்னால் கடக்க முடியவில்லை.

"ஒரு வாய் குடுலே. நாக்கு ஒட்டுது."

"இன்னைக்கு உள்ளது முடிஞ்சிட்டு."

"ஜெயிலருக்கு யாரு வே சம்பளம் குடுக்கா?"

நான் சிரிக்கவில்லை. குடத்தை மறித்து நின்றேன். நீ சொம்பை நீட்டி, "சரி, அந்த மரத்துக்காவது ஊத்திட்டு வாரேன்" என்றாய். மரத்துக்கு என்றதும் நானே கோரிக் கொடுத்தேன். காலையும் சாயந்திரமும் போவது போலவே நீ மாடிக்குப் போனாய். நான் வேலைக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் உன் இதயம் நின்றது. தாகத்தோடு அனுப்பிவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. அது போகவே இல்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து உம்மா மரத்தை என்னிடம் கொடுத்தார்கள். நான் அதற்குத் தண்ணீரில் குறை வைக்கவில்லை. காலையில் ஒரு சொம்பு. சாயந்திரம் ஒரு சொம்பு. மண் காய விட்டதே இல்லை. விட முடியாது. இலை கொழுத்தது. கிளைகள் நீ சாய்த்த பக்கத்தை விட்டுவிட்டு நெட்டுக்குத்தாக ஓடின. பூ மட்டும் இல்லை. தொட்டியில் ஊறிப்போன வாடை. என்னிடம் வந்து இதுவும் சாகப்போகிறது என்று நினைத்தேன்.

போன மாதம் உம்மாவைப் பார்க்கப் போனபோது சொன்னேன்.

"எவ்வளவு தண்ணி ஊத்துத வாப்பா?"

"ரெண்டு வேள உம்மா. வேளைக்கு ஒரு சொம்பு. அவன் ஊத்துன மாதிரிதான்."

உம்மா என்னைப் பார்த்தார்கள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அழுகிறார்கள் என்று பதறினேன். சிரிப்பு.

"அவன் எங்க ஊத்துனான்? அம்புட்டையும் அவம்லா குடிச்சான். அடியில கெடக்க நாலு சொட்டுதான் அந்த மரத்துக்கு."

உம்மா மாடிப் படியைக் காட்டினார்கள்.

"ஒருநா துணி எடுக்கப் போனேன். தொட்டிக்கு முன்ன குத்தவச்சு, அண்ணாந்து குடிச்சிட்டு இருக்கான். கண்டும் காணாம பைய எறங்கி வந்துட்டேன். மரத்துக்குப் போற தண்ணிய யாரும் அளக்க மாட்டாவள்லா."

"டாக்டர்ட்ட சொல்லலையா உம்மா?"

"புள்ள குடிக்கத நான் போய் கோள் சொல்லவா?"

அந்தச் சித்திரை மதியம் நான் கொடுத்தது முழுச் சொம்பு. தளும்பத் தளும்ப. என் கையாலேயே கோரியது.

மரத்தை வாடவிடக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. இலை தொங்கும்வரை காத்திருந்தேன். முதல் நாள் மாடிப் படியில் நாலு தடவை ஏறி இறங்கினேன், சொம்போடு. ஊற்றவில்லை. நெட்டையாக ஓடிய கிளைகளை நறுக்கினேன். கொழுத்த இலைகள் பழுத்து உதிர்ந்தன. காகிதப்பூ கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும் என்று பிறகு படித்தேன். உன் வீட்டு மாடியில் அது வருடம் முழுக்கப் பூத்துக் கிடந்ததே, எனக்குத்தான் சந்தேகமே வரவில்லை.

அந்தத் தண்ணீர் உன் நாள்களைக் குறைத்ததா? தெரியாது. டாக்டரிடம் கேட்கலாம். கேட்கப்போவதில்லை. நீ குடித்தாய் என்பது எனக்குப் போதும்.

உன் மரத்தோடு ஒரு வருடமாக நான் பேசியதெல்லாம் மன்னிப்பு. இன்று காலை வேறு பேச்சு வந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு ஐஸ் கட்டியாவது வாயில் போட்டிருப்பேனே. ஜெயிலர் என்று பட்டம் வேறு. ஏமாற்றியவன் நீ, ஒரு வருடம் குற்றவாளியாகத் திரிந்தவன் நான். பக்கத்து மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத் திட்டிவிட்டேன். இன்னும் முடியவில்லை. நாளைக்கும் உண்டு, கள்ளப்பயலே.