துவைக்கக் கூடாத புடவை

என் அம்மாவுக்கு, உன் பாப்பா எழுதுகிறேன்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. எனக்குப் புது வேலை கிடைத்தது உனக்குத் தெரியாது. நேற்று அது போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாடகக் கம்பெனிக்கு நான் உடை வரைந்து தைக்க வைத்தபோது, "பி.ஏ. படிச்சிட்டு சீலைக்கு பார்டர் போடறியா?" என்று சிரிப்பாயே. இப்போது அதே வேலை ஒரு சினிமாக் கம்பெனியில். நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்பில் படப்பிடிப்பு. நீ கூலிக்குக் காய் பறித்த தோப்புக்கு இரண்டு தோப்பு தள்ளி.

முந்தாநாள், கதாநாயகி மடி நிறைய மாங்காயோடு சேற்றில் விழுகிற காட்சி. பாதி எடுத்ததும் வெளிச்சம் போய்விட்டது. மீதி மறுநாள். சாயங்காலம் அந்தப் புடவையைக் கிணற்றடியில் தேய்த்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். நாடகத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துவைத்த உடைதான். அதோடு, எனக்கிருந்த ஒரே காலேஜ் புடவையை நாள் தவறாமல் துவைத்துப் போட்டவள் நீ. அழுக்குத் துணியைச் சும்மா விட என் கைக்குத் தெரியவில்லை அம்மா.

காலையில் டெய்லர் நஞ்சப்பா கொடியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். ஆனேக்கல்காரர், பாதிப் பேச்சு கன்னடம்.

"அய்யோ தேவரே! காட்சி முடியற வரைக்கும் ஒரு சொட்டுச் சேறு மாறக் கூடாதம்மா. காலேஜ்ல துவைக்கிறதுக்கும் பட்டம் குடுக்கறாங்களா?"

விழும்போது இருந்த சேறு எழும்போது காணாமல் போனால் கொட்டகையே சிரிக்கும். சேறு இருந்த இடத்தையெல்லாம் போட்டோ எடுத்திருந்தார்கள், ஆனால் ஃபிலிம் கழுவ பெங்களூருக்குப் போயிருந்தது. கதாநாயகி மத்தியானம் கிளம்பியாக வேண்டும். டைரக்டர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பத்து மணிக்குள்ள நேத்து இருந்த மாதிரி கொண்டு வாங்க. இல்லேன்னா மத்தியான பஸ்ஸுக்குப் புறப்படுங்க."

புடவையை விரித்தேன். மடியில் மட்டும் மூன்று கறுப்புப் புள்ளி. மாங்காய்ப் பால். அது எந்தச் சோப்புக்கும் போகாது, உனக்குத் தெரியாததா? அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டேன். அதற்குக் கீழே இரண்டு சாண் தள்ளி முழங்கால் சேறு. இடது பக்கம் ஒரு கையளவு. முந்தானை ஓரத்தில் போகாமல் அடம் பிடித்த நீளக் கோடு. எங்கெங்கே எவ்வளவு நேரம் தேய்த்தேன் என்பது கைக்கு ஞாபகம் இருந்தது. அதே பள்ளத்துச் சேற்றைக் குழைத்து அப்பி வெயிலில் காயவைத்தேன்.

கதாநாயகி கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கேமராக்காரர் அவளை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"முழங்கால் சேறு இன்னும் மேலே இல்லே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள் நான்.

"இல்லைங்க. அங்கேதான். நான்தானே தேய்ச்சேன்."

டைரக்டர் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார். பிறகு, "எடுக்கலாம்" என்றார். நஞ்சப்பா என் பக்கம் குனிந்து, "இனிமே சோப்பு என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

சிரிப்பு வரவில்லை அம்மா. அந்த மூன்று புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ கடைசியாகத் தோப்புக்குக் கட்டிப்போன புடவை என் பெட்டியில் இருக்கிறது. மடியெல்லாம் அதே பால் கறை. பட்டமளிப்புக்கு முதல் நாள், "இதைக் கட்டிக்கிட்டு வராதம்மா" என்றேன். வேறு எது இருந்தது உனக்கு? "சரி பாப்பா, தோப்புல வேலை கெடக்கு" என்றாய். என்ன வேலை அம்மா? அது காயே இல்லாத மாதம்.

இந்தப் படம் கிருஷ்ணகிரிக் கொட்டகைக்கு வரும். அன்றைக்கு உன் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போவேன். ஒரு கறைகூடக் கொசுவத்துக்குள் மறையாமல் கட்ட எனக்குத் தெரியும்.

உன்னை வராதே என்று சொன்ன மகள்,
பார்வதி