யாரும் வராத நிலத்துக்குக் கொடி எதற்கு

நேற்று கடையில் பழைய அலமாரியைக் காலி செய்தபோது, வயர் சுற்றிய ஒரு மவுஸ் கையில் சிக்கியது. அடியில் உருண்டை வைத்த பழைய வகை. மூடியைத் திருகி உருண்டையை உள்ளங்கையில் கொட்டினேன். அந்த ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. நீ ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் முதலில் அதைக் கழற்றி, காக்கிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டுத்தான் விளையாட்டைத் திறப்பாய். வண்டி எடுக்கும் முன் கண்ணாடி துடைக்கிற பழக்கம், விட முடியவில்லை என்பாய். நீ போய் இத்தனை வருஷம் கழித்து, உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஒரு கோடைக்காலம். அப்போது இந்தக் கடை பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், இரண்டு ஃபேன். எதிரே உங்கள் ஆட்டோ ஸ்டாண்ட். பல வருஷமாக டீக்கடையில் பார்த்துப் பேசிக்கொள்கிற பழக்கம் நமக்கு. உன் மகளின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்குத்தான், அதைப் பார்க்க நீ முதல் தடவையாக உள்ளே வந்தாய். மார்க்கைப் பார்த்த சந்தோஷத்தில் ஃபேனுக்கு அடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். வெயிலில் சவாரியும் வராது. பக்கத்துத் திரையில் நான் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"யாருது அந்த மரம்?" என்றாய்.

"யாருதும் இல்ல."

"யாருதும் இல்லாத மரமா? பாத்து வெட்டுடா. பட்டா எடுத்துனு யாராச்சும் வந்துடப் போறான்."

ஒரு வாரத்தில் நீ என்னைவிட நன்றாக மரம் வெட்டினாய். பல ஊர்க்காரர்கள் ஒரே நிலத்தில் கூடி விளையாடும் ஆன்லைன் விளையாட்டு அது. மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், சோளம் விதைக்கலாம். கதை கிடையாது, ஜெயிப்பதும் கிடையாது. ஆளுக்கு ஆள் அவரவர் இஷ்டம். நாம் ஆற்று வளைவில் ஒரு வீடு கட்டினோம். துபாயில் நர்ஸாக வேலை பார்த்த ஒரு பெண் வந்து சேர்ந்தாள். சொந்த ஊர் நம் பக்கத்துக் கீழ்பென்னாத்தூர் என்று அவள் எழுதியதைப் படித்ததும், அன்றைக்கே அவளைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டாய். மூன்று பேர், ஒரு குழு.

அந்த விளையாட்டில் ஒரு விதி இருந்தது. குழுவில் ஒரு ஆள் கூடினால், குழு இன்னும் பத்துக் கட்டம் நிலத்தில் கொடி நடலாம். கொடி நட்ட இடத்தில் வேறு யாரும் வீடு கட்ட முடியாது. இதை வைத்து நூற்றைம்பது பேர் சேர்ந்த ஒரு பெரிய குழு, ஆற்றின் அக்கரை முழுக்கக் கொடி நட்டது. பிறகு நம் பக்கமும் வந்து, நம் வீட்டைச் சுற்றிலும் நட்டது. அந்த நூற்றைம்பதில் தினமும் வருகிறவர்கள் இருபது பேர் இருந்தால் ஜாஸ்தி. அவர்கள் நிலமெல்லாம் புல் மண்டிக் கிடந்தது. புதிதாக வருகிறவர்கள் குடிசை போட இடம் தேடி அலைந்துவிட்டு, இரண்டாம் நாள் காணாமல் போனார்கள். ஆளே வராவிட்டால் விளையாட்டை மூட வேண்டியதுதான் என்று அதை நடத்தியவர் ஒரு நாள் அறிவிப்புப் போட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ வேங்கிக்காலுக்குச் சவாரி போயிருந்த நேரத்தில் ஆறு கம்ப்யூட்டரிலும் மாறி மாறி உட்கார்ந்து, இருபது பொய்ப் பெயர்களை உண்டாக்கி நம் குழுவில் சேர்த்தேன். நீ திரும்பி வந்தபோது நமக்கு இன்னும் இருநூறு கட்டத்தில் கொடி நட உரிமை. பெருமையாகக் காட்டினேன். நீ அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய்.

"இதுல யாரு நாளைக்கு வருவாங்க?"

யாரும் வர மாட்டார்கள் என்றேன்.

"வராத ஆளு பேருல எடம் புடிக்கத்தான் அவனுங்க இருக்கானுங்களே. நாம இன்னாத்துக்கு?"

உன் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டாய். நாலு நாள் வரவில்லை. டீக்கடையிலும் வேறு பக்கம் பார்த்து நின்றாய். எதிரே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் பேச முடியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாலு நாளில் தெரிந்துகொண்டேன். ஐந்தாம் நாள் இருபது பெயரையும் அழித்துவிட்டு, ரோட்டைத் தாண்டி வந்து உன் பின் சீட்டில் உட்கார்ந்தேன். எங்கே போகணும் என்று கேட்டாய். எங்கேயும் இல்லை, அழித்துவிட்டேன் என்றேன். அப்போதுதான் சிரித்தாய்.

அன்றைக்கு ஸ்டாண்ட் கதையைச் சொன்னாய். முதலில் ஐந்தே வண்டி இருந்தபோது, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஆட்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்களாம். பயந்துபோய் இருபத்திரண்டு வண்டியைச் சேர்த்தீர்களாம். அப்புறம் யாருக்கும் சரியாகச் சவாரி இல்லை, உங்களுக்குள்ளேயே சண்டை. கடைசியில் பதினொன்று என்று முடிவு செய்து, ஒரு வாரம் சொல்லாமல் வராதவனுக்கு வரிசையில் இடம் இல்லை என்று பேசி வைத்தீர்கள்.

"இத அந்த ஆளுக்கு எழுதிப் போடு," என்றாய், விளையாட்டை நடத்துகிறவரை நினைத்து.

நீ தமிழில் சொல்ல, நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டினேன். ஒரு வாரம் யாரும் வராத நிலத்தில் கொடி தானாக விழ வேண்டும். குழு பெரிதாக ஆக, புது ஆளுக்குக் கிடைக்கும் நிலம் கம்மியாக வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டையும் விடாமல் எழுதச் சொன்னாய். அவருக்கு என்ன புரிந்ததோ, பத்து நாள் கழித்து ஒரு மாதம் பரீட்சை செய்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கரையில் கொடிகள் வரிசையாகச் சாய்ந்தன. நீ ஸ்டாண்டில் இருந்த எல்லோரையும் கூட்டி வந்து காட்டினாய். அடுத்த வாரமே அங்கே புதுக் குடிசைகள் முளைத்தன. பெரிய குழு இரண்டாக உடைந்து ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றது. பரீட்சை முடிந்தும் அந்த விதி அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம் தீபத் திருவிழா வந்தது. தெருவெல்லாம் தடுப்பு, ஊரெல்லாம் கூட்டம். நீ நகர எல்லையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் வீட்டில் வந்து இறங்கிய சொந்தக்காரர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில் இரட்டை டியூட்டி. பத்து நாள் கழித்து, கூட்டம் கலைந்து விளையாட்டைத் திறந்தால், ஆற்று வளைவில் நம் கொடி இல்லை. யாரோ இரண்டு பேர் தங்கள் கொடியை நட்டுச் சோளம் விதைத்திருந்தார்கள்.

நான் தலையில் கை வைத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நம்ம எழுதுன சட்டம் நமக்கு மட்டும் பொருந்தாதா?" என்றாய். அந்த இரண்டு பேருக்கு ஒரு வரி தட்டச் சொன்னாய். இது எங்கள் இடம் என்று சண்டை போட வரவில்லை, நாங்கள் மூன்று பேர், உங்களோடு சேரலாமா என்று. நம் வீட்டுச் சுவரை அவர்கள் இடிக்கவே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தோம். கதவைத் திறந்து வைத்திருக்கிறோம், வாங்க என்று பதில் வந்தது. ஐந்து பேரானோம். நல்ல அறுவடை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலையில் நெஞ்சுவலி என்று உன்னை உன் வண்டியிலேயே படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை. துபாய்த் தங்கச்சிக்கு நான்தான் எழுதினேன். அடுத்த நாள் பார்த்தால், ஆற்றோரமாக அவள் உனக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு ஆட்டோ கட்டி வைத்திருந்தாள். சக்கரம் சதுரமாக இருந்தது. நீ பார்த்திருந்தால் ஒரு மாதம் அதைச் சொல்லியே கிண்டல் செய்திருப்பாய்.

விளையாட்டில் சுவர் எழுப்பும் முன் நீ கொஞ்சம் நிற்பாய். "இன்னும் ஒரு ஆளு வந்தா எங்க நிப்பாங்க?" என்று பார்த்துவிட்டு, ஒரு கட்டம் தள்ளித்தான் கல் வைப்பாய். எனக்கு அது எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. போன மாதம் ஒரு பெண் ஆப்பக்கடை போட இடம் கேட்டு வந்தாள். ஏற்கனவே நெருக்கடி என்று இந்தக் கடை வரிசையில் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். நான் என் கடை வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வாசலை அடைத்திருந்த ஜெராக்ஸ் மெஷினை உள்ளே தள்ளி, போர்டைச் சுவரில் ஏற்றி மாட்டினேன்.

உங்களுக்கு இடைஞ்சல் இல்லையா என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா. இன்னும் ஒரு ஸ்டூல்கூடப் போடலாம்," என்றேன்.