முதல் கொட்டை என்னுடையது

என் அருமை மாப்பிள்ளைக்கு,

மண்ணுக்குள் போனவனிடம் சுகமா என்று கேட்கலாமா, தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நான் சுகமில்லை. பரீட்சை முடிந்ததிலிருந்து இருந்த இடத்தில் இருக்க முடியாமல் வாய்க்காலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாதே. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் மகள், என் தங்கை பெற்ற செல்லம்தான். கல்லறைத் திருநாளன்று உன் தலைமாட்டில், ஊரார் கேட்க அவளே வாசிப்பாள்.

நீ காய்ச்சலில் போன பிறகு உன் பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வந்திருக்கிறார். சின்ன வயது. கெட்டவர் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைக்கையில் எத்தனை பிள்ளை தேறுகிறதோ, அதற்குத் தக்கதுதானே சம்பளம்? அவருடைய தாயும் தங்கைகளும் அவர் கையைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதனால் பாடம் ஓடியது. பிரம்பும் கூடவே ஓடியது.

உன் வழக்கம் நினைவிருக்கிறதா? புரியாத பிள்ளை தன் முன்னால் ஒரு புளியங்கொட்டையை வைக்கும். அது திரும்ப மடிக்குள் போகிற வரைக்கும் பாடம் நகராது. "சேத்துல மாட்டுன வண்டி மாதிரில்ல நிக்குது ஒம் பாடம்" என்று நான் கேலி செய்வேன். "மாட்டுன வண்டிய வெரட்டுனா அச்சு முறியும் மச்சான். நீங்களும் ஒரு கொட்டையோட வந்து உக்காருங்க" என்பாய். நான் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவேன்.

புது வாத்தியார் வந்த அன்றே குப்பை என்று கொட்டைகளைக் கூட்டி வெளியே தள்ளிவிட்டார். பிரம்பைப் பார்த்த பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. செல்லம் ஒரு எழுத்துப் பிசகாமல் எல்லாம் ஒப்பித்தாள். ஆனால் காலையில் பள்ளிக்கூடம் என்றாலே குடித்த கஞ்சியைக் கக்கினாள்.

"இத எழுத மாட்டேன் மாமா" என்கிறாள் இப்போது.

"எழுது ஆத்தா. ஒங்க அய்யாவுக்குத் தெரியணும்ல?"

பரீட்சையன்று நான் வாசலில் நின்றிருந்தேன். இன்ஸ்பெக்டர் செல்லத்தை எழுப்பினார். கடலைப் பற்றிய பாடத்தை மடமடவென்று ஒப்பித்தாள். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "நல்லது. அலை என்றால் என்ன, சொல்?" என்றார்.

மலை சூழ்ந்த நம் ஊரில் அலையை யார் கண்டது? இவள் பாவாடை நுனியில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். நீ கொடுத்த கொட்டையை எடுத்துத் தன் முன்னால் வைத்தாள். அவ்வளவுதான். முன்வரிசை, பின்வரிசை, எல்லா மடியிலிருந்தும் கொட்டைகள் தரைக்கு வந்தன. அத்தனை நாளும் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள், மாப்பிள்ளை!

"பரீட்சை நேரத்தில் தாயம் ஆடுகிறீர்களா?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

நான் உள்ளே போனேன். "ஆட்டமில்ல சாமி. புரியலன்னு சொல்லுதுக. செத்துப்போன வாத்தியாரு அப்படித்தான் பழக்கி வச்சிருந்தாக."

அவர் என்னவோ எழுதிக்கொண்டு வண்டியேறிவிட்டார். என்ன எழுதினார்? இன்னும் சேதியில்லை.

அன்று பொழுதடைய வாத்தியார் நம் வீட்டுக்கு வந்தார். "பெரியவரே, இந்தப் பிள்ள எம் வயித்துல அடிச்சிருச்சே."

"அடிபட்ட வயிறு இங்கனயும் ஒண்ணு இருக்கு தம்பி. காலையில வந்து பாரும்."

அவர் செல்லத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "நானும் கடலப் பாத்ததில்ல பாப்பா" என்றார். போகும்போது என்னிடம் கேட்டார்: "அடுத்த வருசமும் இன்ஸ்பெக்டர் வருவாரே, நான் என்ன செய்ய?" நீ என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாள் செல்லம் தன் கொட்டையை வாய்க்காலில் எறிந்துவிட்டாள். "இனிமே புரியலன்னு சொல்ல மாட்டேன் மாமா. சொன்னா வாத்தியாரு வீட்டுல அடுப்பு எரியாது" என்றாள். அது முதல் எந்தப் பிள்ளையும் வைப்பதில்லை. இதுதான் என்னை நடக்க வைக்கிறது. பிள்ளை வாய் மூட ஒரு பிரம்பு போதாதென்று, இரக்கமும் வந்து சேர்ந்துகொண்டதே!

நடந்து நடந்து ஒன்று தோன்றியது. திருநாள் முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற காலையில் நான் போய் முன்வரிசையில் உட்காருவேன். முதல் எழுத்திலேயே எனக்குப் புரியாது, கொட்டையை வைப்பேன். என்னைப் பார்த்துச் செல்லம் வைப்பாள், மற்றவர்களும் வைப்பார்கள். நான் தேறாவிட்டால் யார் சம்பளமும் குறையாது, மாப்பிள்ளை. இந்தக் கிழவன் தலை எந்தப் பரீட்சைக் கணக்கிலும் இல்லை.

துண்டை உதறமாட்டேன். இது சத்தியம்.

நீ கூப்பிட்டபோது வராமல், இப்போது வருகிற
உன் மச்சான்
(கையெழுத்துக்குப் பதிலாக மாமா போட்ட கீறல் இது. எழுதியது உங்கள் மகள்.)