யானைக்காக வைத்த இரும்பு

2025 ஜூன் 9, திங்கள்

காலையில் ஜீப்பை எடுக்க, வீட்டை ஒட்டிய கொட்டகையின் ஷட்டரைத் தூக்கினேன். தலைக்கு மேலே வெடி வெடித்தது மாதிரி ஒரு சத்தம். யானை விரட்டப் போடுகிற பட்டாசு என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரி பிலோமியும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "எந்தப் பக்கம் நிக்கு?" என்றாள்.

யானை இல்லை. ஷட்டர் சுருளுகிற குழாயில் இருக்கும் ஸ்பிரிங் நாலில் ஒன்று அறுந்துவிட்டது. பாதி உயரத்தில் நின்ற ஷட்டரை இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தூக்கி, ஒரு கிராண்டிஸ் மரக் கட்டையை முட்டுக் கொடுத்து, ஜீப்பை வெளியே எடுத்தேன். ஜீப்புக்குப் பின்னால்தான் கடைக்கான அரிசி மூட்டைகள். பூட்டாமல் போக முடியாது. மறுபடி கட்டையை உருவி, மெதுவாக இறக்கி, பூட்டி… கடை திறக்கும்போது மணி ஒன்பதரை. பூப்பாறை முக்கில் என் கடைதான் கடைசியாகத் திறந்த கடை. இப்படி நடந்ததே இல்லை.

மூன்று ஸ்பிரிங் இருக்கிறதே என்று மனசு சொல்கிறது. எத்தனை நாளைக்கு?

ஜூன் 10, செவ்வாய்

ராஜகுமாரி ஊரிலிருந்து ஜிஜோ வந்து பார்த்தான். இந்த ஷட்டரை மாட்டியவனும் அவன்தான். "ஸ்பிரிங்கு போயி சேட்டா. வேற குழப்பம் ஒண்ணும் இல்ல" என்றான். ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன். "மூணும் இதே வயசு அல்லே? இண்ணைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு" என்றான். நான் கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சுதான். ஆனாலும் நாலையும் மாற்றச் சம்மதித்தேன். கோதமங்கலத்திலிருந்து வர வெள்ளிக்கிழமை ஆகுமாம்.

இந்த விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்க முடியாது. போன வருஷம் மொட்டைவாலன் என்கிற காட்டு யானை அடுப்படிச் சுவரை இடித்தது. அதற்கப்புறம்தான் இந்த ஷட்டர் மாட்டினேன். ஜனவரியில் அது ஷட்டரையே நெற்றியால் முட்டி நெளித்தது. உடனே ஜிஜோவைக் கூப்பிட்டு, குறுக்கே வரிவரியாகக் கனத்த இரும்புப் பட்டை வெல்டிங் வைத்தேன். அன்றைக்கு பிலோமி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வர்ற மழைக்கும் இது வந்து முட்டுச்சுன்னா நான் டின்சி வீட்டுக்குப் போயிருவேன். நீங்க அரிசிக்குக் காவல் இருங்க. அது கதவுக்கா வருது? உங்க அரிசிக்கு வருது."

டின்சி எங்கள் மகள், நல்லேப்பிள்ளியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பிலோமி வெறுமனே மிரட்டுகிறவள் இல்லை. சொன்னால் போய்விடுவாள்.

ஜூன் 13, வெள்ளி

புது ஸ்பிரிங் மாட்டியாயிற்று. ஏறுகிறது, இறங்குகிறது. கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. கேட்டதற்கு, "புதுசல்லே சேட்டா, பழகப் பழகச் செரியாகும்" என்றான் ஜிஜோ. செருப்பா இது, பழகுவதற்கு?

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது வாட்ஸப் குழுவில் செய்தி: மொட்டைவாலன் மேல் தேயிலைக் காட்டில் நிற்கிறது, ஜாக்கிரதை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

பக்கத்து வீட்டு அழகுமலை டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். வாசலில் நின்று ஷட்டரைத் தட்டிப் பார்த்தான். "அண்ணே, இது வீடா செயிலா? ஆன வந்தா மனு எழுதிக் குடுத்துட்டுத்தான் உங்களப் பாக்கணும் போலயே." சிரித்தேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 17

தூக்கம் இல்லை. காற்றுக்கு ஷட்டர் தடதடத்தாலும் எழுந்து உட்கார்கிறேன்.

ஜூன் 21, சனி

காதில் அந்தச் சத்தம் இன்னும் நிற்கவில்லை. எழுதினாலாவது நிற்குமா பார்க்கிறேன்.

சாயங்காலம் நான் உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிலோமி சமையலுக்கு அரிசி அளந்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஷட்டரைத் தாண்டியிருப்பாள் — டப்பென்று ஒன்று, உடனே இன்னொன்று. ஷட்டர் அப்படியே விழுந்தது. உள்ளே ஒரே இருட்டு. பிலோமீ… பிலோமீன்னு கத்துறேன். பதிலே இல்ல. கீழ கைய விட்டுத் தூக்குறேன், அசையல. மாதாவே, அந்த நேரம் நான் என்னல்லாம் நெனச்சேன்! எவ்வளவு நேரமோ தெரியல, பெறகுதான் வெளிய இருந்து குரல் வந்துச்சு.

"கத்தாதீங்க. சேலதான் மாட்டியிருக்கு. நான் இல்ல."

அழகுமலை ஜாக்கி கொண்டு வந்து ஒரு பக்கமாகத் தூக்கி என்னை வெளியே எடுத்தான். சேலை முந்தானை ஒரு முழம் கிழிந்து இரும்புக்கு அடியில் கிடந்தது. அரிசி முழுக்கச் சேற்றில். பிலோமி அதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். "வாசத்துக்கு அது வந்துரும்" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

ஜிஜோவைப் போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். டூப்ளிக்கேட் சாமான் மாட்டிவிட்டாய் என்றேன். "மாதாவாணெ, ஒரிஜினல் சாதனம் சேட்டா" என்று அழாத குறை. நான் விடவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பிலோமி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ராத்திரி டின்சி கூப்பிட்டாள். "அப்பா, வர்ற ஞாயித்துக்கெழம நான் வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போறேனுங்க." மாமியார் ஊர்ப் பேச்சு நன்றாக ஒட்டிக்கொண்டது. "எவ்வளவு நாளைக்கும்மா?" என்றேன். அவள் பிள்ளையைக் கூப்பிட்டுப் போனில் பேசவிட்டாள்.

பிலோமி போய்விட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? அரிசி மூட்டையோடு பேசிக்கொண்டிருப்பேனா?

ஜூன் 23, திங்கள்

ஜிஜோ வந்தான். ஷட்டரைக் கழற்றி இறக்க இரும்புப் பட்டைகளை அறுத்தாக வேண்டும் என்றான். அறுத்தது எல்லாவற்றையும் ஜீப்பில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். பழைய இரும்புக்காரனிடம் போடுவதற்கு முன் எடை பார்ப்பது என் வழக்கம். மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினேன்.

ஒன்றரை மூட்டை அரிசியின் கனம் இருந்தது.

இறக்கி மறுபடி ஏற்றிப் பார்த்தேன்; முள் அதே இடத்தில்தான் நின்றது. ஒன்றரை மூட்டை எவ்வளவு கனம் என்று எனக்கா தெரியாது? கடை போடுவதற்கு முன் இதே முக்கில் மூட்டை தூக்கியவன்தானே நான். வெறும் தகட்டைத் தூக்க வைத்த ஸ்பிரிங்கின் முதுகில் ஒன்றரை மூட்டையை ஏற்றிவிட்டு, காலையும் மாலையும் தூக்கு என்றால்? புது ஸ்பிரிங்கும் பழைய தகட்டுக்கு உள்ள அளவில்தான் வாங்கியிருக்கிறான். "வெல்டு வச்சதும் நான்தான், ஸ்பிரிங்கு வாங்கினதும் நான்தான். எனிக்கும் ஓர்ம வந்தில்ல சேட்டா" என்று தலையைச் சொறிந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பட்டை வைக்கச் சொன்னது யார்?

அழகுமலைக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஆனைக்கு வச்ச பொறியில அண்ணியில்ல மாட்டப் பாத்தாக!"

ஜூன் 24, செவ்வாய்

ஜிஜோ தானே கோதமங்கலம் போய் வாங்கி வந்து மறுபடி ஸ்பிரிங் மாட்டிவிட்டான். பட்டை இல்லாத ஷட்டர் ஒற்றைக் கையில் ஏறுகிறது. யானைக்கு அந்த ஒற்றைக் கைகூட வேண்டாம், மூச்சு விட்டால் போதும்.

கனம் வைத்தால் எங்கள் தலையில் விழும். வைக்காவிட்டால் அது உள்ளே வரும். என்ன செய்ய?

ஜூன் 25

நாள் முழுக்க யோசித்தேன். சரக்கு இருக்கிற இடத்துக்குத்தான் ஆள் வரும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டுதானே நான் இந்த முக்கில் பிழைக்கிறேன்? மலையில் எந்தக் கடை புழுங்கலரிசி வைத்திருக்கிறது என்று எஸ்டேட் லயத்து ஜனங்களுக்குத் தெரிகிற மாதிரி மொட்டைவாலனுக்கும் தெரியும். அதுவும் என் வாடிக்கைதான். வாடிக்கையை வீட்டுக்கு வரவழைத்துவிட்டுக் கதவைக் கனமாக்கினால் எப்படி?

பிலோமி இதையே எத்தனை தடவை சொன்னாள். வாடகை மிச்சம், வாடகை மிச்சம் என்று நான்தான்…

ஜூன் 27, வெள்ளி

மருந்துக்கடைக்கு மேலே மாடி அறையைப் பிடித்தேன். மூட்டை எல்லாம் அங்கே போயாயிற்று. சுமட்டுத் தொழிலாளிகள் மாடிப்படியைப் பார்த்துவிட்டு, "இன்னாசி அண்ணே, ஆனையால ஏற முடியாத எடத்துல எங்கள ஏத்துறீங்களே" என்று கேலி. நானும் இரண்டு மூட்டை தூக்கினேன். மூன்றாவதுக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

உப்பு, வெல்லம், தவிடு, ஒன்றும் வீட்டில் இல்லை. தரையைப் பினாயில் போட்டு இரண்டு தடவை கழுவினேன். பிலோமி வாசலில் நின்று பார்த்தாள். "மூலையில ரெண்டு அரிசி மணி கெடக்கு" என்றாள். அதையும் பொறுக்கினேன். பெட்டி இன்னும் கட்டில் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஜூன் 28, சனி

குழுவில் செய்தி: மொட்டைவாலன் ரோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கிவிட்டது.

ஷட்டரை இறக்கவா, வேண்டாமா? இறக்கினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் அது நினைக்கும். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். மேலே ஏற்றியே விட்டுவிட்டேன். ஜீப் உள்ளே நிற்கிறது. போனால் ஜீப்போடு போகட்டும். பிலோமி ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

விடிந்து கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் தரையெல்லாம் சேற்றுத் தடம். முறம் அளவு ஒவ்வொன்றும். உள்ளே வந்து, மூட்டை இருந்த மூலை வரைக்கும் போய், அப்படியே பின்னால் நடந்து வெளியேறியிருக்கிறது. ஜீப்பில் ஒரு கீறல் இல்லை. பக்கக் கண்ணாடி மட்டும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. வாசலில் ஒரு குவியல் சாணம். அடுப்படிச் சுவர் அப்படியே நிற்கிறது.

பிலோமி அந்தத் தடங்களை வெகு நேரம் பார்த்தாள். "ஏமாந்து போயிருக்கு, பாவம்" என்றாள்.

மத்தியானம் டின்சி வந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவள், "என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது?" என்றாள்.

"வீட்டுல கெடந்த காய வச்ச பலாச்சொள பூராவும் அதுலதான் இருக்கு. இங்க அந்த வாசம் ஆகாது. நீ கொண்டு போயிரு."

"அப்ப உன் சேலையெல்லாம்?"

"அது பீரோல இருக்கு."

டின்சி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியை வாங்கிக் கொண்டுபோய் ஜீப்பில் வைத்தேன்.

அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, ஷட்டரைப் பாதியாவது இறக்கவா என்று பிலோமியிடம் கேட்டேன்.

"தெறந்தே கெடக்கட்டும்" என்றாள்.