முன்னறையில் உம்மா

1981 மே 12, பேராதனை

இன்று டியூட்டோரியலில் பெரிய ஆளாகிவிட்டேன். போன நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் பெண்ணும் சொத்தும் என்பது பாடம். கலியாணம் முடித்த கையோடு பெண்ணின் உடைமையெல்லாம் கணவனுக்குப் போய்விடும் அந்தக் காலத்துச் சட்டத்தை மிஸ் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு சும்மா கிடக்கவில்லை. எழும்பி நின்று, "எங்கள் நிந்தவூரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார்" என்றேன். இரண்டு வருடமாக வகுப்பில் வாயே திறக்காதவள்! கொழும்புப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படியென்றால், வீட்டை மகளுக்குக் கொடுத்த தாய் எங்கே இருப்பார்?" என்று மிஸ் கேட்டார்.

"அதே வீட்டில், முன்னறையில். அவர் சொல்வதுதான் அங்கே சட்டம்."

பொய். கூசாமல் சொன்னேன். கல்முனை மீனாம்பிகை பக்கத்தில்தான் இருந்தாள். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, உம்மா கையால் சோறு தின்றவள். உம்மா எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கொப்பியைப் பார்த்தபடி இருந்தாள்.

மே 13

அதைக் கட்டுரையாக எழுதித் தர வேண்டுமாம். துறைச் சஞ்சிகையில் போடுவார்களாம். பொய் சொன்ன எனக்கு நன்றாக வேண்டும்.

மே 19

மீனாம்பிகை ஏசுவாள் என்று ஒரு கிழமையாக ஒளித்துத் திரிந்தேன். இன்று கன்டீனில் பிடித்துவிட்டாள்.

"எங்கட அம்மாவும் அக்காக்கு ஊட்டக் குடுத்திட்டுக் குசினிக்குள்ளதான் படுக்கிறா. நானும் வாய் திறக்கல்லத்தானே" என்றாள்.

ஏசியிருக்கலாம்.

ஓகஸ்ட் 4, நிந்தவூர்

கட்டுரைக்காக உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்க்கிறேன். முன்னால் இருக்கும் கல்வீடு உம்மாவுக்கு அவரின் உம்மா, என் மூத்தம்மா, கொடுத்தது. எனக்கு மூத்தவள் சுபைறா ராத்தா கலியாணம் முடித்தபோது அது ராத்தாவின் பேருக்குப் போயிற்று. வாப்பா மௌத்தாகிப் போவதற்கு முன் பின்வளவில் கட்டிய இரண்டறை வீட்டில் உம்மாவும் நானும் இருக்கிறோம். எனக்கு மாப்பிள்ளை வந்தால் அதுவும் எனக்கு. பிறகு உம்மா? இருபத்திரண்டு வயதுவரை நான் இதைக் கேட்டதேயில்லை. ஆனால் நாவலில் வரும் வெள்ளைக்காரிகளுக்காகத் தலையணை நனைய அழுதிருக்கிறேன். சீ.

ஓகஸ்ட் 6

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "ராத்தாவுக்கு ஊட்டக் குடுக்கக்குள்ள கவலையா இருந்ததா உம்மா?" என்று கேட்டேன்.

"கவலையென்ன? பொம்புளப் புள்ளக்கிக் குடுக்கத்தானே ஊடு."

சுளகு நின்றது.

"அடுத்த நாளு மட்டும் ஞாவமில்லாம உள்ளுக்குப் பெய்த்தன். மாப்பிள்ள சோறு தின்னுக்கிட்டு இருந்தாரு. வெக்கமாப் பெய்த்து."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஒக்டோபர் 7, பேராதனை

கட்டுரையை வகுப்பில் வாசித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில், அன்று நான் சொன்னது பொய் என்றும், பெண்ணின் வீடு என்பது அவள் மகள் வளரும்வரைதான் என்றும் எழுதியிருந்தேன். மிஸ் அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இந்தக் கடைசிப் பக்கம்தான் கட்டுரை" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் வெட்கத்துக்கும் கைதட்டல் வாங்கிவிட்டேன். அதில் ஒரு சந்தோஷம் வேறு வந்தது. இதை யாரிடம் சொல்ல?

1982 டிசம்பர் 18, நிந்தவூர்

சோதனை எழுதி முடித்து வந்தால் கலியாணப் பேச்சு. வரிப்பத்தான்சேனை காலிதீன், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. நல்ல மனிதர் என்கிறார்கள். வேறொன்றும் கேட்கவில்லையாம், வீடு மட்டும் என் பேரில் இருக்க வேண்டுமாம்.

வீடு உம்மா பேரிலேயே இருக்கட்டும் என்று நாளைக்குச் சொல்வேன்.

டிசம்பர் 19

சொல்லவில்லை.

டிசம்பர் 23

உம்மாவிடம் மட்டும் சொன்னேன். "பைத்தியமா புள்ள? ஊடில்லாத பொட்டய ஆரு முடிப்பான்? படிச்சிப் படிச்சி இதையா படிச்ச?" என்று கத்தினார். நான் இன்னும் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். இரண்டு தரம், மூன்று தரம் சொல்லியிருக்கலாம். உம்மா மறுத்தபோது எனக்குள் ஏதோ ஆறுதலாக மூச்சு விட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

1983 பெப்ரவரி 27

வீட்டை என் பேருக்கு மாற்றி உறுதி எழுதியாயிற்று. உம்மா பெருவிரலை மையில் வைத்து அழுத்தினார். நான் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டேன். வடிவான கையெழுத்து என்றார் நொத்தாரிசு.

மார்ச் 10

கலியாணம் முடிந்து நாலு நாள். உம்மா கிணற்றடிக் கிடுகுக் கொட்டிலுக்குப் போய்விட்டார். என் கட்டுரை வந்த சஞ்சிகையும் ஒருவழியாக இன்றைய தபாலில் வந்தது. என் மாப்பிள்ளை அதைப் புரட்டிப் பார்த்து, "கெட்டிக்காரிதான்" என்றார்.

மார்ச் 12

காலையில் உம்மா வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே மாப்பிள்ளை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மகள், அந்தப் பழைய கட்டில நான் எடுக்கட்டா? ஒனக்குத் தேவையெண்டா இருக்கட்டும்" என்றார், மெதுவாக.

நான் பிறந்த கட்டில்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பகல் முழுக்க யோசிக்கிறேன். "எடுங்க உம்மா" என்று அனுமதி கொடுத்தேன்.